பல்லரோ சந்தையும் ஆய்வுக்கூட இறைச்சியும்: மந்தைகளுக்காகப் பேசுவது யார்?

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகரான பலெர்மோவில், அல்பர்கெரியா என்ற பழைய குடியிருப்பின் ஒடுங்கிய தெருக்களில் பல்லரோ சந்தை நடைபெறுகிறது. அரேபியர்கள் சிசிலியை ஆண்ட காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் இந்தச் சந்தையில் காய்கறி, மீன் ஆகியவற்றுக்கு அருகிலேயே இறைச்சியும் ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியும் விற்கப்படுகின்றன. மாட்டின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, கொழுப்பில் வதக்கி, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது இந்நகரின் புகழ்பெற்ற தெருவோர உணவு. வெங்காயத் தாளின் மீது ஆட்டுக்குடலைச் சுற்றித் தணலில் சுட்டுத் தருவது மற்றொன்று.

இவை வறியவர்களின் உணவாகப் பிறந்தவை. நல்ல இறைச்சியை வசதி படைத்தோர் வாங்கிச் சென்ற பிறகு எஞ்சியதை வீணாக்காமல் உண்ணும் வழக்கத்திலிருந்து தோன்றியவை. 1980களிலிருந்து இலங்கையை விட்டு வெளியேறி இந்நகரில் குடியேறிய சில ஆயிரம் தமிழர்களுக்கும் இந்த வழக்கம் அந்நியமானதல்ல. வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டுக் குடும்பம் நடத்தும் பலருக்கு, சந்தையில் இறைச்சி, முட்டை, பால் ஆகியவை என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பது அன்றாட வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியாகும்.

அந்த உணவை உற்பத்தி செய்பவர்களின் எதிர்காலம் குறித்து இத்தாலியில் சில ஆண்டுகளாகக் கடுமையான அரசியல் விவாதம் நடந்து வருகிறது. ஆனால் அந்த விவாதத்தில் உரத்துக் கேட்கும் குரல்கள், மலைச்சரிவில் ஆடு மாடு மேய்ப்பவரின் உண்மையான பிரச்சினைகளைத் தொடுகின்றனவா என்பது ஐயத்திற்குரியது.

தடைச் சட்டம்

2023ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு சட்டத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்தது. ஆதரவாக 159 வாக்குகளும் எதிராக 53 வாக்குகளும் பதிவாகின. விலங்கின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து உருவாக்கப்படும் இறைச்சியை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் இச்சட்டம் தடை செய்கிறது. மீறுவோருக்குப் பத்தாயிரம் முதல் அறுபதாயிரம் யூரோ வரை அபராதம் விதிக்கப்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய தடையை முதலில் கொண்டுவந்த நாடு இத்தாலியே.

விவசாய அமைச்சர் பிரான்செஸ்கோ லொல்லோபிரிஜிடாவும், நாட்டின் பெரும் விவசாயிகள் சங்கமான கொல்திரெத்தியும் இச்சட்டத்துக்காக முன்னின்று வாதாடினர். ஆய்வுக்கூட இறைச்சி பரவினால் கிராமங்கள் காலியாகும், உணவு உற்பத்தி சில பெரு நிறுவனங்களின் கைக்குள் போகும், இத்தாலியின் உணவு மரபு அழியும் என்பவை அவர்கள் முன்வைத்த வாதங்கள்.

இந்த அச்சங்களை முற்றிலும் அடிப்படையற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் சட்டம் நிறைவேறிய வேளையில் ஆய்வுக்கூட இறைச்சி ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரும், 2023ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்காவும் மட்டுமே விற்பனைக்கு வழி திறந்திருந்தன. ஐரோப்பாவில் இத்தகைய புதிய உணவு எதுவும், இத்தாலியின் பார்மா நகரில் இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிசீலனையைத் தாண்டியே சந்தைக்கு வர முடியும். அதாவது, கடையில் இல்லாத ஒரு பொருளிடமிருந்து கால்நடை வளர்ப்போரைக் காப்பாற்றச் சட்டம் இயற்றப்பட்டது.

புல் மட்டும் விளையும் நிலம்

கால்நடை வளர்ப்பே கூடாது என்போரின் வாதங்களும் கவனிக்கத்தக்கவை. ஐ.நாவின் உணவு மற்றும் விவசாய நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் சுமார் 12 சதவீதம் கால்நடை உற்பத்தியோடு தொடர்புடையது. மனிதன் உண்ணக்கூடிய தானியத்தை விலங்குக்குக் கொடுத்து இறைச்சி பெறுவது வீண் செலவு என்ற குற்றச்சாட்டும் உண்டு.

ஆனால் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. உலகக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில் சுமார் 86 சதவீதம் மனிதர்களால் உண்ண முடியாதது. புல், வைக்கோல், பிண்ணாக்கு, தவிடு போன்றவையே அதில் பெரும்பங்கு.

சிசிலியின் உட்பகுதி இதற்கு நல்ல சான்று. பலெர்மோவுக்குக் கிழக்கே எழும் மதோனியே மலைத்தொடரிலும், அதற்கு அப்பால் உள்ள நெப்ரோதி மலைகளிலும் பல சரிவுகள் உழவுக்கு ஏற்றவை அல்ல. அங்கு விளையும் புல்லை மனிதனுக்கு உணவாக்கும் வழி மந்தைகளே. பலெர்மோவை அடுத்த சினிசி என்ற ஊரின் பெயரைத் தாங்கிய சினிசாரா எனும் கறுப்பு மாட்டினம், வறண்ட மேய்ச்சலிலும் பால் தரக்கூடியது. அந்தப் பாலிலிருந்தே இப்பகுதியின் பெயர்பெற்ற பாலாடைக்கட்டி தயாரிக்கப்படுகிறது. முறுக்கிய கொம்புகளைக் கொண்ட ஜிர்ஜெந்தானா ஆடு, அக்ரிஜெந்தோ பகுதிக்கு உரியது. அதன் எண்ணிக்கை கடந்த நூற்றாண்டில் பெரிதும் குறைந்து, இன்று பாதுகாக்கப்பட வேண்டிய இனமாகிவிட்டது.

மந்தை இல்லாமல் போனால் இந்நிலத்தில் கோதுமையோ காய்கறியோ வந்துவிடப் போவதில்லை. மேய்ச்சல் நின்ற சரிவுகளில் புதர் மண்டும்; கோடையில் அவை காட்டுத்தீக்கு இரையாகும். கால்நடை வளர்ப்பை ஆதரிப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

வறண்ட ஆண்டு

இப்படிப்பட்ட மந்தைகளுக்கு உண்மையான ஆபத்து 2024ஆம் ஆண்டில் வந்தது. முந்தைய இலையுதிர் காலமும் குளிர்காலமும் போதிய மழையின்றிக் கழிந்ததால் புல் முளைக்கவில்லை, வைக்கோல் கிடைக்கவில்லை, குளங்கள் வற்றின. தீவின் நடுவே உள்ள பெர்குசா ஏரி ஏறக்குறைய முழுவதும் காய்ந்துபோனது. மே மாதம் 6ஆம் தேதி இத்தாலிய அரசு சிசிலியில் நெருக்கடி நிலையை அறிவித்தது. தீவனமும் நீரும் வாங்க வழியில்லாத பலர், தமது விலங்குகளில் ஒரு பகுதியை உரிய காலத்துக்கு முன்பே விற்கவோ இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பவோ நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பலெர்மோ நகரவாசிகளுக்கும் குடிநீர் முறைவைத்து வழங்கப்பட்டது.

மழை பொய்த்தது மட்டும் இதற்குக் காரணமல்ல. இத்தாலியப் புள்ளிவிவர நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சிசிலியின் குடிநீர்க் குழாய்களில் செலுத்தப்படும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது மக்களைச் சென்றடையும் முன்பே கசிந்து வீணாகிறது. குழாய்களைப் பழுதுபார்ப்பதும் நீர்த்தேக்கங்களைச் சீர்செய்வதும் மேடைப் பேச்சுக்கு உதவாத வேலைகள். எனினும் ஓர் ஆட்டு மந்தைக்கு அடுத்த ஆண்டு உண்டா என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்.

நிலமும் துப்பாக்கியும்

மேய்ப்பரின் இன்னொரு பிரச்சினை, மேய்க்க நிலம் கிடைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் விவசாய நிலத்தின் பரப்புக்கு ஏற்ப மானியம் வழங்குகிறது. இதைப் பயன்படுத்தி, மாஃபியா குடும்பங்கள் அரசு மேய்ச்சல் நிலங்களை மிரட்டிக் குத்தகைக்கு எடுத்து, ஒரு விலங்குகூட வளர்க்காமல் மானியத்தைப் பெற்று வந்தன.

நெப்ரோதி இயற்கைப் பூங்காவின் தலைவராக இருந்த ஜியுசெப்பே அந்தோச்சி, குத்தகை கோருவோரின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்கும் நடைமுறையைக் கொண்டுவந்தார். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பயணம் செய்த வாகனத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. உடன் இருந்த காவலர்கள் திருப்பிச் சுட்டதால் அவர் உயிர் தப்பினார். அவர் கொண்டுவந்த நடைமுறை 2017இல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. 2020ஆம் ஆண்டு ஜனவரியில், இத்தகைய மானிய மோசடி தொடர்பாக ஒரே நடவடிக்கையில் 94 பேர் கைது செய்யப்பட்டனர். மானியம் வழங்குவது மட்டுமே உதவியாகாது, அது உண்மையில் மந்தை வைத்திருப்பவரைச் சேர வேண்டும் என்பதை இச்சம்பவங்கள் உணர்த்தின.

மரபைக் காத்த அறிவியல்

இத்தாலியில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான போராகச் சித்திரிக்கப்படுகிறது. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மால்டாத் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் விட்டுவிட்டு வரும் கடும் காய்ச்சலால் அவதியுற்றனர். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1905இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்தோக்ளிஸ் சம்மித், நோயின் அறிகுறியே இல்லாத ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்து, அவற்றின் பாலிலிருந்தே காய்ச்சல் பரவுகிறது என்று நிறுவினார். படையினருக்கு ஆட்டுப்பால் வழங்குவது நிறுத்தப்பட்டதும் நோய் வெகுவாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் கன்று வீச்சு நோய் என்று அறியப்படுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கிருமியால் உண்டாவதுதான். இத்தாலியின் பல பகுதிகள் இதிலிருந்து விடுபட்ட பின்னரும் தென்பகுதியிலும் சிசிலியிலும் அதை ஒழிப்பது நீண்ட போராட்டமாக இருந்து வருகிறது. பலெர்மோவில் தலைமையகத்தைக் கொண்ட சிசிலிக் கால்நடை நோய் ஆய்வு நிறுவனம், மந்தைகளின் இரத்த மாதிரிகளைச் சோதிப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. நோய் உறுதியான விலங்கு மந்தையிலிருந்து அகற்றப்படுகிறது. அது மேய்ப்பருக்கு வேதனையான இழப்பு. ஆனால் காய்ச்சாத பாலில் பாலாடைக்கட்டி செய்யும் பழைய முறை இன்றும் அச்சமின்றித் தொடர வேண்டுமானால், மந்தை நோயற்றது என்ற உறுதி வேண்டும். பழைய சுவையை இன்றுவரை காப்பாற்றி வந்திருப்பதில் சோதனைக்கூடத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

உலக அளவிலும் இதற்குச் சான்று உண்டு. பல நூற்றாண்டுகளாக ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய், தடுப்பூசியால் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. 2011ஆம் ஆண்டு ஜூனில் ரோம் நகரில் உணவு மற்றும் விவசாய நிறுவனம் இதை அறிவித்தது. இதற்கு மாறாக, மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோய் 2020இல் இலங்கையில் தோன்றி, 2022இல் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலிகொண்டு, 2025ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்கும் வந்து சேர்ந்தது. மரபினம், கலப்பினம் என்ற வேறுபாடு பார்த்து நோய்க் கிருமிகள் வருவதில்லை.

நவீன முறையின் குற்றங்கள்

இதனால் நவீன உணவு உற்பத்தி குறையற்றது என்றாகிவிடாது. விலங்கு எச்சங்களை அரைத்து மாடுகளுக்கே தீவனமாகக் கொடுத்ததால் பரவியது பைத்திய மாட்டு நோய். 2001ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியப் பசு ஒன்றில் அது உறுதி செய்யப்பட்டபோது, நாடெங்கும் மாட்டிறைச்சி விற்பனை சரிந்தது. வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், மனிதருக்கு நோய் வரும்போது அம்மருந்துகள் பயனற்றுப் போகும் அபாயத்தை வளர்த்தன. கோழிகள் சிறகு விரிக்கவும் இடமில்லாத கூண்டுகளில் அடைக்கப்பட்டன.

இக்குற்றங்களைச் சுட்டிக்காட்டியவர்கள் நுகர்வோர், மருத்துவர்கள், விலங்கு நல ஆர்வலர்கள் ஆகியோர். அவர்களது குரலுக்குப் பின்னரே விதிகள் மாறின. விலங்கு எச்சத் தீவனத்துக்கு 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிவான தடை விதித்தது. வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பது 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. பழைய முறைக் கோழிக் கூண்டுகள் 2012இல் முடிவுக்கு வந்தன. இவை கால்நடை வளர்ப்பை ஒழிக்கவில்லை. அதன் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையை மீட்டுத் தந்தன. கால்நடை வளர்ப்பின் நண்பர் எனத் தம்மைக் கருதுவோர், விமர்சனத்தை எதிரியாகக் கொள்ளத் தேவையில்லை என்பதே இதன் பாடம்.

இலங்கை தந்த பாடம்

தூய்மையின் பெயரால் எடுக்கப்படும் முடிவுகளின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்குத் தமிழர்கள் நேரில் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போதைய இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயன உரங்களினதும் பூச்சிகொல்லிகளினதும் இறக்குமதிக்குத் தடை விதித்தது. நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. போதிய இயற்கை உரமோ பயிற்சியோ கால அவகாசமோ விவசாயிகளுக்கு இருக்கவில்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டபோதிலும், அடுத்த நெல் அறுவடை வீழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது.

கால்நடைத் துறையும் தப்பவில்லை. தீவனம் கிடைக்காமல் கோழி வளர்ப்பு நலிந்து, 2023இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. முன்னதாக 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், நாட்டில் மாடுகளை அறுப்பதைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் அதே யோசனை வழி சொன்னது. பால் வற்றிய பசுவையும் காளைக் கன்றையும் சிறு பண்ணையாளர் என்ன செய்வார், அவற்றுக்கான தீவனச் செலவை யார் ஏற்பார் என்ற கேள்விகளே அதில் முதன்மை பெற்றிருக்க வேண்டும்.

இத்தாலியின் தடையும் இலங்கையின் தடையும் ஒரே தன்மையானவை அல்ல. இத்தாலியில் எவரும் பட்டினி கிடக்கவில்லை. ஆயினும் இரண்டிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. மண், மரபு, தூய்மை ஆகிய சொற்கள் கொள்கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மண்ணில் உழைப்பவரின் வரவு செலவுக் கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

விலையும் கரங்களும்

அந்தக் கணக்கு எளிமையானது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில், சார்தீனியாவின் மேய்ப்பர்கள் தாம் கறந்த ஆட்டுப்பாலைச் சாலையில் கொட்டினர். ஒரு லிட்டருக்கு அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 60 யூரோ சதம். அவர்கள் கேட்டது ஒரு யூரோ. உலகெங்கும் விற்பனையாகும் பாலாடைக்கட்டியின் மூலப்பொருளை உற்பத்தி செய்தவர்களுக்குச் செலவுகூடத் திரும்பவில்லை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியதில் ஆய்வுக்கூட இறைச்சிக்குப் பங்கு இல்லை.

இன்னொரு கேள்வி, வேலை செய்யும் கரங்கள் யாருடையவை என்பது. வட இத்தாலியின் போ சமவெளியில், புகழ்பெற்ற பாலாடைக்கட்டிகளுக்குப் பால் தரும் பசுக்களை வைகறையில் கறப்பவர்களில் கணிசமானோர் இந்தியாவின் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். இத்தாலிய உணவு மரபைக் காப்பதாகக் கூறும் அரசியல், அந்த மரபைத் தாங்கி நிற்கும் குடியேறிகளைப் பற்றிப் பேசும்போது அதே கனிவைக் காட்டுவதில்லை.

கால்நடை வளர்ப்பும் நவீன உணவு உற்பத்தியும் பாதுகாக்கப்பட வேண்டியவை. பலெர்மோவில் பல்லரோவுக்குப் பை எடுத்துச் செல்லும் குடும்பத்துக்கும், மதோனியேயில் மந்தை ஓட்டும் குடும்பத்துக்கும் அவை பொதுவான தேவை. ஆனால் அந்தப் பாதுகாப்பு கசியாத குழாயிலும், நோய் கண்டறியும் சோதனைக்கூடத்திலும், மாஃபியாவிடமிருந்து மீட்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திலும், ஒரு லிட்டர் பாலுக்குக் கிடைக்கும் விலையிலும் தங்கியிருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் மழை மீண்டும் பொய்த்தால், மந்தைகளுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தோர் அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்க என்ன செய்திருந்தார்கள் என்ற கேள்வியே மதோனியே மலையில் எழும்.